மைக்கில் பேசாத பேச்சி

பேச்சி போய்விட்ட செய்தி வந்தபோது நான் சிலமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். காலை நேரம். மணமேடையில் பூ கட்டுகிறவர்கள் இன்னும் வேலையை முடிக்கவில்லை. போனில் பேச்சியின் அம்மா வெள்ளையம்மாள் அக்கா. ஆஸ்பத்திரிக்கு ஏதாவது வாங்கிவரச் சொல்வார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"தம்பி, நம்ம புள்ள போயிருச்சு" என்றார். குரலில் அழுகைகூட இல்லை. அந்தப் பக்கம் யாரோ போனை வாங்கி வைத்துவிட்டார்கள்.

தோளில் கிடந்த கேபிளோடு அப்படியே நின்றிருக்கிறேன். கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து கையைப் பிடித்த பிறகுதான் சுற்றிலும் ஆட்கள் இருப்பது தெரிந்தது. அன்று அந்த மண்டபத்தில் பாட்டுப் போடவேண்டியவள் பேச்சிதான். அவளுக்குக் காய்ச்சல், பதிலுக்கு நான் வருகிறேன் என்று முந்தின நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். என் முகத்தைப் பார்த்து அவராகவே புரிந்துகொண்டார். "நீங்க கெளம்புங்க தம்பி. பாட்டு இல்லேன்னா தாலி ஏறாதா" என்று சொல்லி, வாசல்வரை கூடவே வந்து என்னை பைக்கில் ஏற்றிவிட்டார். பெட்டிகளும் வயர்களும் கிடந்தது கிடந்தபடி கிடந்தன.

போடியிலும் தேனியிலும் ஒலி அமைப்பு வேலை செய்கிற உங்களில் பெரும்பாலோருக்கு அவளைத் தெரியும். பேனரில் 'டி.ஜே. பேச்சி' என்ற பெயரைப் பார்த்துச் சிரித்தவர்களும் உங்களில் உண்டு. நானும் சிரித்தவன்தான். ஸ்டைலாக ஏதாவது வைத்துக்கொள்ளேன் என்று கேட்டேன். "பேர மாத்திட்டா, எங்க லயத்துல இது எம்புள்ளன்னு எங்காத்தா எப்படிண்ணே சொல்லும்" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

மலைமேல், கேரளப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். அப்பா சின்ன வயதிலேயே இறந்துபோனார். அம்மா தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை. பள்ளிப்படிப்பு முடிந்ததும் பேச்சி கீழே இறங்கி, போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கி ரகம் பிரிக்கும் வேலையில் சேர்ந்தாள். வேலை நேரத்தில் காதுக்குச் சோலி இல்லை, அதனால் பாட்டுக் கேட்க ஆரம்பித்தேன் என்பாள். கேட்டுக் கேட்டு, போனிலேயே ஒரு மிக்சிங் ஆப்பை இறக்கிக்கொண்டு பாட்டுகளைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள்.

என் ஒலிபெருக்கிக் கடைக்கு அவள் முதன்முதலில் வந்தது வேலை கேட்டு அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்தது. கையில் போனோடு வாசலில் நின்று, தான் சேர்த்து வைத்திருக்கும் பாட்டை ஒரே ஒரு தடவை பெரிய பெட்டியில் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டாள். ஹெட்போனில் கேட்டதைப் பெட்டியில் கேட்கவேண்டும், அவ்வளவுதான் என்றாள். நான் போட்டேன். பெட்டிக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் காரணம் தெரிந்தது. ஆப்பில் இருந்த எல்லா எஃபெக்டையும் அவள் அதில் இறக்கியிருந்தாள். சொன்னதையே திருப்பிச் சொல்லி மங்கும் எக்கோ, பெரிய குகைக்குள் நிற்பதுபோலக் காட்டும் ரீவெர்ப், விமானம் தலைக்கு மேலே போவதுபோல இழுக்கும் ஃப்ளாஞ்சர். ஹெட்போனில் அது பிரமாதமாக இருந்திருக்கும். பெட்டியில் கூழாகக் கலங்கிப்போயிருந்தது.

நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே சொன்னாள். "எல்லாத்தயும் போட்டுட்டேண்ணே. பாட்டக் காணோம்."

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கு அடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் ஒரு எஃபெக்டை எடுத்திருப்பாள். எடுத்த இடத்தில் பாட்டு கொஞ்சம் தெளிந்திருக்கும். என் ஆபரேட்டர் திருப்பூருக்குப் போய்விட்டதும் நான்தான் அவளிடம் கேட்டேன், என்னோடு வருகிறாயா என்று. கிட்டங்கி வேலையையும் விடாமல், முகூர்த்த நாட்களில் மட்டும் வந்தாள். பெட்டி என்னுடையது, லேப்டாப் அவளுடையது. பிறகு சில வருடங்கள் நாங்கள் பிரிந்து வேலை செய்ததே இல்லை.

எஃபெக்டை அவளைப்போலக் குறைவாகப் பயன்படுத்துகிறவர்கள் நம் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் விடமாட்டாள். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, முடிகிற பாட்டின் கடைசிச் சொல்லை எக்கோவில் விடுவாள். அந்தச் சொல் தாளத்தோடு மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். அது போய்ச் சேர்வதற்குள் அடுத்த பாட்டு அடியிலிருந்து ஏறி வந்திருக்கும். ஆடுகிறவர்களுக்குப் பாட்டு மாறியதே தெரியாது. பட்டென்று வெட்டினால்தான் கைதட்டு விழும், பையன்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "வந்தவுகள வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுறோம்ல அண்ணே. பாட்டயும் அப்படித்தேன் விடணும்" என்றாள்.

போடியில் ஒரு தெருவில் நடந்த மாப்பிள்ளை அழைப்பு உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். தெரு அடைத்துப் பந்தல். பையன்கள் பெட்டிக்கு முன்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குப் பின்வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து மேடை ஓரமாகத் தயங்கி நின்றாள். அவளுடைய அப்பா படுத்த படுக்கை, சுவர் அதிரும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போடுகிறது என்றாள். நிறுத்தச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் அப்படிச் சொல்லலாமா என்ற கூச்சம் அவளுக்கு. சத்தத்தைக் குறைத்தால் மாப்பிள்ளை வீட்டார் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பேச்சி ஃபில்டரைத் திருகினாள். அடிச்சத்தம் முழுவதும் வடிந்துபோனது. சுவரைத் தாண்டிப் போவது அந்த அடிச்சத்தம்தான். பாட்டும் கைதட்டும் சலங்கைபோல ஒலிக்கும் ஜிங்கியும் மட்டும் மேலே மிதந்தன.

பையன்கள் விடவில்லை. பேஸ் எங்கே, பெட்டி அவுட்டா என்று மேடையேறி வந்தார்கள். ஒருவன் லேப்டாப்பிலேயே கை வைக்கப் போனான். பேச்சி அவன் கையைப் பிடித்து இறக்கி, பின்வீட்டு வாசலைக் காட்டினாள். அங்கே அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான் பேச்சு. பிறகு பேச்சி தாளம் வேகமான பாட்டுகளாகத் தேடித் தேடிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பையன்கள் தாங்களே மேடைப் பலகையைக் காலால் அடித்துத் தாளம் சேர்த்துக்கொண்டார்கள். அந்த அழைப்பு முடியும்வரை அடிச்சத்தம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணைப் பேச்சியின் சாவு வீட்டில் பார்த்தேன். அவ்வளவு தூரம் மலையேறி வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனாள்.

அவளுடைய தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அங்கே பாட்டுப் போடவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கமிட்டிக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் கம்பத்திலிருந்து ஆளை வரவழைப்பார்கள். பொம்பளைப் பிள்ளையை மேடையேற்றிப் பாட்டுப் போட வைப்பதா என்ற தயக்கம் அவர்களுக்குள் இருந்தது. கடைசியில் லயத்துப் பெண்களே சேர்ந்துபோய்ப் பேசி முடித்தார்கள். போன வருடம்தான் அது நடந்தது. பெட்டிகளை ஜீப்பில் ஏற்றி, பாதி வழி பேச்சியும் நானும் இறங்கித் தள்ளி, மேலே போய்ச் சேர்ந்தோம்.

சாயங்காலம் பூஜை முடிந்து பாட்டுத் தொடங்கியது. முன்வரிசையில் வெள்ளையம்மாள் அக்கா, வேலைக்குப் போகையில் சேலைமேல் போடுகிற சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுச்சேலையில். மகளைப் பார்க்கவில்லை, மகள் தொடுகிற பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஆடத் தொடங்கிய சமயத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பாட்டு நடுவரியில் அறுந்தது. நான் ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினேன். ஆனால் பெண்கள் நிறுத்தவில்லை. அறுந்த வரியைத் தாங்களே பிடித்துக்கொண்டு கைதட்டிப் பாடினார்கள். அடுத்த சரணத்தையும் பாடினார்கள்.

கரண்ட் திரும்பியதும் நானாக இருந்தால் பாட்டை முதலிலிருந்து போட்டிருப்பேன். பேச்சி பெண்களின் வாயையே பார்த்துக்கொண்டு, அவர்கள் இருக்கிற வரியைப் பாட்டில் தேடிப் பிடித்து, தாளத்தை அவர்கள் கைதட்டுக்கு இறக்கி, ஃபில்டரை முழுக்க மூடி வைத்துப் பாட்டைத் தொடங்கினாள். தூரத்தில் எங்கோ கேட்பதுபோல அடியில் மட்டும் வந்தது. பெண்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். பாட்டு அவர்கள் குரலுக்கு அடியில் வந்து சேர்ந்து, அவர்களைத் தூக்கிக்கொண்டது. எந்த இடத்தில் அவர்கள் பாட்டு பெட்டிப் பாட்டானது என்று கீழே நின்ற எனக்கே பிடிபடவில்லை. வெள்ளையம்மாள் அக்கா எழுந்து ஆடினார். அதற்கு முன்னால் அவர் ஆடி யாரும் பார்த்ததில்லையாம். பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தேடினாள்.

இத்தனையிலும் அவள் ஒருமுறைகூட மைக்கைத் தொட்டதில்லை. வாழ்த்துச் சொல்வது, மொய் எழுதும் இடத்தை அறிவிப்பது, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது எல்லாம் என் வேலை. பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பேசியபோது அவள் குரலைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்களாம். "ஆம்பளக் கொரலு அண்ணே எனக்கு" என்பாள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கொஞ்சம் கனமான குரல், அவ்வளவுதான். ஆனால் அவள் நம்பவில்லை. போனில் குரல் பதிவு அனுப்பச் சொன்னாலும் தட்டச்சு செய்துதான் அனுப்புவாள்.

இந்த மழைக்காலத்தில் அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனவளுக்குக் காய்ச்சல். மலையில் காய்ச்சலைப் 'பனி' என்றுதான் சொல்வார்கள். "புள்ளைக்குப் பனி அடிக்குது தம்பி, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று அக்கா போனில் சொன்னதை நானும் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் காய்ச்சல் வந்துகொண்டிருந்த நேரம் அது. கண் மஞ்சளாகி, ஜீப்பில் கீழே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எலிக்காய்ச்சல் என்றார்கள். மழைத்தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு வருவது, சிறுநீரகம்வரை போய்விட்டது என்றார்கள். டாக்டர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள்.

கடைசியாக அவளைப் பார்த்தது ஒரு மத்தியானம். உதடு வெடித்துப் பேசவே சிரமப்பட்டாள். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுப்பதற்குள் அவள் சிலமலைக் கல்யாணத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். "செலமல மண்டபம் தகரக் கூரைண்ணே. ரீவெர்ப் பக்கமே போயிறாதீங்க. கூரையே போட்டுக் குடுக்கும்." சரி என்றேன். "எங்காத்தா வெளிய ஒக்காந்துருக்கும். சாப்புடாது. நீங்க பக்கத்துல நின்னு சாப்புட வைங்க" என்றாள். அதற்கும் சரி என்றேன். வெரசா எழுந்து வா, உன் கூரையை நீயே பார்த்துக்கொள் என்று சொன்னேன். சிரித்தாள்.

அவள் உடலைத் தோட்டத்துக்கே கொண்டுபோனோம். உங்களில் எத்தனையோ பேர் ஜீப் பிடித்து அந்த மழையில் மேலே வந்திருந்தீர்கள். ஒருவர் பெட்டிகூட ஏற்றி வந்திருந்தார், அவள் மிக்ஸ் செய்த பாட்டுகளைப் போட்டு அவளை அனுப்பலாம் என்று. எனக்கும் அது சரியென்றே பட்டது. அக்காவிடம் போய்க் கேட்டேன். மகளின் காலருகே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் அடுத்தவுக பாடுன பாட்டுத்தான தம்பி. எம்புள்ள கொரலு இருந்தா போடுங்க" என்றார்.

எல்லாரும் போனை எடுத்துத் தேடினோம். எங்கள் போன்களில் அவளுடைய வீடியோ எத்தனையோ இருந்தன. எல்லாவற்றிலும் பாட்டுதான் முழங்கியது. அவள் குரல் யாரிடமும் இல்லை. குரலை ஊருக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை செய்கிறவர்கள் நாம். நம்மில் ஒருவர் குரல் நம்மிடம் இல்லை. அன்று மழைச் சத்தத்தில்தான் அவளை எடுத்துச் சென்றோம்.

காரியம் முடிவதற்கு முன்னால் அவள் லேப்டாப்பைத் திறந்து தேடினேன். மிக்ஸ் செய்வதைப் பதிவு செய்துகொள்கிற வசதி அந்தச் சாப்ட்வேரில் உண்டு. வரிசை வரிசையாகப் பாட்டுகள். அவற்றுக்கு நடுவில் பெயர் எதுவும் வைக்காத ஒரு சின்னப் பதிவு. போட்டுக் கேட்டேன். புது மைக்கை இணைத்துச் சோதித்திருக்கிறாள். அறையில் யாரும் இல்லை போலிருக்கிறது. "ஆத்தா... சாப்புட்டியா" என்கிறாள். எக்கோ எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்காகப் பேசியது. ஆகவே எக்கோவை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறாள். 'சாப்புட்டியா, சாப்புட்டியா' என்று அந்தச் சொல் மறுபடி மறுபடி வந்து தேய்ந்து மறைகிறது. அதோடு பதிவு முடிகிறது. அவள் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பெற்றவருக்கு மகளின் குரலைச் சுத்தமாகக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். பாட்டுப் போடும்போது எக்கோ வேண்டாமென்றால் பொத்தானை அணைத்தால் போதும். எக்கோவோடு சேர்த்துப் பதிவாகிவிட்டால் அதைப் பிரிப்பது லேசான காரியமில்லை. மதுரையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் சிநேகிதர் ஒருவரிடம் கொண்டுபோனேன். என்னென்னவோ செய்து பார்த்தார். எக்கோ போனது. ஆனால் அதோடு குரலிலிருந்தும் ஏதோ போய்விட்டது. தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. இதற்கு மேல் முடியாது என்றார்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். லயத்து வீட்டில் அக்கா தனியாக இருந்தார். சுத்தம் செய்ததை முதலில் போட்டேன். காதைத் தாழ்த்திக் கேட்டார். "இது யாரு தம்பி" என்றார். பேச்சிதான் அக்கா என்றேன். இல்லையென்று தலையாட்டினார். "எம்புள்ள கொரலு இம்புட்டு மெலிசில்ல."

பிறகு அவள் பதிவு செய்தபடியே இருந்ததைப் போட்டேன். "ஆத்தா" என்று அந்தக் கனமான குரல் அறைக்குள் வந்தது. அக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாப்புட்டியா" என்றது குரல். "ம், சாப்புட்டேன்" என்றார் அக்கா. எக்கோ மறுபடி கேட்டது. "சாப்புட்டேன் ஆத்தா" என்றார். அது மறுபடி கேட்டது. ஒவ்வொரு முறைக்கும் அவர் பதில் சொன்னார். கேள்வி சிறுத்துச் சிறுத்துக் காதுக்கு எட்டாமல் போகும்வரை சொன்னார். அதன் பிறகும் ஒரு தடவை, மிக மெதுவாக, "சாப்புட்டேன்" என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பதை நான் பார்த்திருந்தேன். எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டில் கஞ்சி வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தேன். குடித்தார்.

நான் அந்தக் குரலை என் போனில் வைத்துக்கொள்ளவில்லை. அது அக்காவுக்கானது, அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டேன். லேப்டாப்பை நீயே வைத்துக்கொள் என்று அவர் சொன்னார். வைத்திருக்கிறேன், இன்னும் பெரிதாகப் பழக்கமாகவில்லை.

பேச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. முதல் பாட்டைப் போட்டுவிட்டு அவள் மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போவாள். பந்திப் பாத்திரங்கள் கழுவுகிற இடம், கைக்குழந்தையோடு பெண்கள் ஒதுங்கி நிற்கிற இடம், செருப்புக் குவியல், அங்கெல்லாம் ஒரு கணம் நின்று கேட்டுவிட்டு வந்து சத்தத்தைச் சரிசெய்வாள். எதற்கு இந்த நடை என்று கேட்டதற்கு, "கடேசில நிக்கிறவகளுக்கும் இது கல்யாணந்தானண்ணே" என்றாள். இப்போது அந்த நடையை நான் நடக்கிறேன். பாத்திரம் கழுவும் குழாயருகே நின்று கேட்கிறேன். சில நாள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, திருத்த ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் உடனே திரும்பிவிட முடிவதில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.